ஐந்தைத் தவிர

திரையின் அடியில் 120 என்று நிற்கிறது. கையைத் தூக்கியாகிவிட்டது. இனி நான் செய்ய ஒன்றுமில்லை, எக்ஸ்டர்னல் வந்து பார்த்துச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, ஆனால் அவர் இன்னும் முதல் வரிசையைத் தாண்டவில்லை, வேறு ஏதோ கல்லூரியிலிருந்து எங்கள் செய்முறைத் தேர்வை நடத்த வந்த மனிதர், அவசரமே இல்லாமல் ஒருவனிடம் எதையோ கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவன் பதில் அங்கே எழுதியிருப்பதுபோல ஏசி மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கடைசிக்கு முந்திய வரிசை. தூக்கிய கை வலிக்கிறது. இறக்கினால் முடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ. இறக்குகிறேன். காலடியில் தரை சில்லென்றிருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் இந்த லேபுக்குள் வரவேண்டும், கரிசல் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பார்கள். முதல் நாள் வரிசையாகக் கிடந்த செருப்புகளையும் உள்ளே வரிசையாக ஒளிர்ந்த நீலத் திரைகளையும் பார்த்ததும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த ஜெர்லின் பார்த்துவிட்டாள். "ஏட்டி ஆவுட, உள்ள சாமி இல்லட்டி, கம்ப்யூட்டர்" என்றாள், வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆவுடையம்மாள் என்கிற பெயருக்கே ஏற்கெனவே சிரித்திருந்தார்கள். ஜெர்லின் மணப்பாட்டுக்காரி, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில், இங்கே பக்கத்து மெஷின். இப்போது நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் பயத்தில் இல்லை, அவளுக்குப் பசி.

பயம் எனக்குத்தான். சீட்டுக் குலுக்கிப்போட்டு எடுக்கச் சொன்னபோது விரல் வியர்த்துச் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தது. பிரித்தால் ஃபேக்டோரியல், ஒன்றிலிருந்து வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போவது. இருப்பதிலேயே சின்ன ப்ரோகிராம். பிரேமலதா மேடம், எங்களுக்கு இந்தப் பாடம் எடுப்பவர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு "தப்பிச்ச" என்று முணுமுணுத்தார். தப்பித்தேனா என்று கையெழுத்து விழுந்த பிறகுதான் தெரியும். நான் சிவில். பாலமும் வீடும் கட்டப் படிக்க வந்தவளுக்கு இது எதற்கு என்று கேட்டால், முதல் வருடம் எல்லாருக்கும் உண்டு என்பார்கள், எல்லாருக்கும் உண்டு என்பது ஒரு பதிலா. ஆனால் இதில் போனால் மொத்தமும் போகும். அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவர் சாப்பிட்ட தட்டில் கை கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "ஒருத்தன வச்சுப் பாத்தாச்சு. நீ ஒரு பேப்பர் போனாலும் பெட்டியக் கட்டிட்டு வந்துரு தாயி, மாப்ள பாக்க ஆரம்பிச்சிருவோம்." அந்த ஒருத்தன் சங்கரவேல் அண்ணன். இதே மாதிரி ஒரு கல்லூரிக்குப் போய் அரியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒருநாள் விடியக்காலையில் பையோடு திரும்பி வந்து படுத்துக்கொண்டான். அவன் ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது செல்போன் ரிப்பேர் கடையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். கைகாட்டினால் எந்த இடத்திலும் நிறுத்துவார், ஆனால் சொன்ன சொல்லை எங்கேயும் நிறுத்தமாட்டார். அண்ணன் வந்து படுத்த பாயில் நானும் போய்ப் படுக்கவேண்டியதுதான். எக்ஸ்டர்னல் இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டார்.

உண்மையில் இந்த ப்ரோகிராமை நான் எழுதவில்லை. ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி என்று இருக்குமே, அடிபிறழாமல் எழுதுக என்று, அப்படித்தான் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்து நடந்து இவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன், முதல் ஹேஷ் குறியிலிருந்து கடைசி அடைப்புக்குறிவரை. எங்கே அரைப்புள்ளி வரும் எங்கே வராது என்பது மூச்சு விடும் இடம்போலப் பழகிவிட்டது. ஃபார் என்று ஆரம்பித்தால் விரல் தானாகப் போகும், ஐ ஒன்றிலிருந்து, ஐ எக்ஸ் வரைக்கும், ஐ கூட்டல் கூட்டல். அர்த்தம் கேட்டால் மேடம் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியதைச் சொல்வேன். அம்புக்குறி எனக்குப் புரிந்ததா என்பது எனக்கே தெரியாது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் பாதிப்பேர் இப்படித்தான், இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்தவர்களும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ப்ரோகிராம் மட்டுமில்லை, அதற்குக் கொடுக்கும் எண்ணும் மனப்பாடம். ஃபிபனாச்சிக்குப் பத்து. பகா எண்ணுக்கு ஏழு. ஃபேக்டோரியலுக்கு ஐந்து. ரெக்கார்ட் நோட்டில் மேடம் அப்படித்தான் எழுதிப்போட்டார், இன்புட் ஐந்து, அவுட்புட் 120, வகுப்பில் எல்லார் ரெக்கார்டிலும் ஐந்து, சீனியர்கள் ரெக்கார்டிலும் ஐந்து, மேடம் படித்த காலத்திலும் ஐந்தாகத்தான் இருந்திருக்கும். எக்ஸ்டர்னல் வருவார், ஐந்து கொடுப்போம், 120 வரும், கையெழுத்துப் போடுவார். ஐந்தைத் தவிர வேறு எண்ணை யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கொடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. நடையின் நடுவில் போடப்பட்ட பாயைப்போல எல்லாரும் அதைத் தொடாமல் சுற்றிப் போகிறோம்.

ப்ரோகிராமின் கடைசியில் கெட்ச் என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் விடை நிற்காது. முதல் லேபில் எனக்கு அது தெரியாமல் விட்டுப்போனது. ஓட்டினேன், நீலத்திரை ஒருதரம் கண்ணை மூடித் திறந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான், ஒன்றும் இல்லை. மேடத்தைக் கூப்பிட்டு "ஓடல மேடம்" என்றேன். "ஓடிட்டும்மா. நீ பாக்கறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார், அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார், நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. பெருக்கி, விடையைக் கண்டுபிடித்து, எழுதிக் காட்டி, அழித்து, ஒன்றும் நடக்காததுபோல நீலமாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் பார்க்கவேண்டும் என்று அதற்கு இல்லை. கெட்ச் என்றால் கீபோர்டில் ஒரு சாவியை அமுக்கும்வரை பொறு என்று அர்த்தமாம். என் கண்ணுக்காக அது பொறுத்திருக்கும்படி நான்தான் ஒரு வரி எழுதவேண்டியிருக்கிறது. அன்று இரவு சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது திடீரென்று நினைவு வந்து உடம்பு சிலிர்த்தது. இதை யாரிடம் சொல்வது. ஜெர்லினிடம் சொன்னேன். "சாம்பார் தீரப்போவுது, முன்னால நடட்டி" என்றாள்.

எக்ஸ்டர்னல் இரண்டாவது வரிசையின் நடுவில். கிராம்போ எதையோ மென்றுகொண்டிருக்கிறார், தாடை மட்டும் அசைகிறது. ஐந்து, 120. ஐந்து பேர் ஒரு பெஞ்சில் எத்தனை விதமாக இடம் மாறி உட்காரலாம் என்று ப்ளஸ் டூவில் கணக்கு டீச்சர் ஐந்து பேரை எழுப்பி உட்காரவைத்துக் காட்டினார், மாறி மாறி உட்கார்ந்து எங்களுக்குச் சிரிப்பு வந்து பாடம் பாதியில் நின்றது, மொத்தம் 120 விதம், ஒன்றிலிருந்து ஐந்துவரை எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது. அது தெரிந்த விடை. தெரிந்த விடையைச் சொல்ல இந்த மெஷின் எதற்கு. இந்த நினைப்பு வந்ததும் ப்ரோகிராமைப் புதிதாகப் பார்க்கிறேன். இதில் எங்கேயும் ஐந்து இல்லை. நான் தட்டியதில் ஐந்து என்பதே கிடையாது, எக்ஸ் என்றுதான் இருக்கிறது. எக்ஸ் வரைக்கும் பெருக்கு. எந்த எக்ஸ் என்று கேட்காமலே நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்னும் வராத எண்ணுக்கு, நான் நினைத்தே பார்க்காத எண்ணுக்கு, என்ன செய்யவேண்டும் என்று நான் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன். வீட்டில் நான் சொல்லி யாரும் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வந்ததில்லை. விரல் ஆறை அமுக்குகிறது. 720. ஆறு பேர் பெஞ்சில். மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறேன், சரி. சின்ன விஷயம், ரொம்பச் சின்ன விஷயம், யாரும் இதற்கெல்லாம் சந்தோஷப்படமாட்டார்கள். ஏழு. 5040. இதுவும் சரி. மொட்டைமாடியில் நடந்தபோது என் வாயில் வந்துகொண்டிருந்த அந்தச் சொற்களுக்குள் இந்த எண்கள் எல்லாம் இருந்திருக்கின்றன, எனக்குத் தெரியாமல், நான் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன். எட்டு.

மைனஸ் 25216.

தப்பாகத் தட்டிவிட்டேன். மறுபடி ஓட்டி, நிதானமாக எட்டு. மைனஸ் 25216. எட்டுப் பேர் ஒரு பெஞ்சில் உட்கார மைனஸ் இருபத்தையாயிரம் வழி. கூட்டல் எண்களையே பெருக்கினால் மைனஸ் எங்கிருந்து வரும், ஒன்று, இரண்டு, மூன்று, இவற்றில் யார் மைனஸ். விடைத்தாளை மேடம் ப்ரோகிராம் திருத்த வாங்கிவைத்துக்கொண்டார், அவுட்புட் எழுதும்போதுதான் திரும்பக் கிடைக்கும், வேறு தாள் வைத்திருக்கக் கூடாது, பேனா மட்டும் இருக்கிறது. இடது உள்ளங்கையில் 5040 என்று எழுதி எட்டால் பெருக்குகிறேன். 40320. மெஷின் சொல்வது தப்பு. மெஷின் தப்புச் சொல்லாது, அப்படியானால் நான் சொன்னது தப்பு. எங்கே. வரி வரியாக விரலை வைத்துப் பார்க்கிறேன், ஹேஷ், அடைப்புக்குறி, அரைப்புள்ளி, எல்லாம் ரெக்கார்டில் இருப்பதுதான், எல்லாரும் எழுதுவதுதான். அப்படியானால் எல்லாரும் எழுதுவதே தப்பா. "என்னட்டி முழிக்க?" என்று ஜெர்லின் உதடு அசையாமல் கேட்கிறாள். எட்டிப் பார்க்கிறாள். "இது என்ன கண்றாவி. எட்டு எதுக்குட்டி குடுத்த?" "சும்மா." "சும்மா எவளாவது எட்டுக் குடுப்பாளா. அஞ்சக் குடுத்து வச்சிட்டுப் பேசாம இரி. கையெழுத்து வாங்கு, ஊருக்குப் போற பஸ்ஸப் பிடிக்கணும்." சரிதான். ஐந்தைக் கொடுத்து 120ஐ நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஐந்துக்குச் சரியாக வருகிறது. ஆனால் எக்ஸ்டர்னல் எட்டுக் கொடு என்று சொல்லிவிட்டால். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமா சொல்வார். ஒருவேளை சொன்னால். அவுட்புட் தப்பென்றால் பாதி மார்க் போகும், பாதி போனால் பாஸ் இல்லை. ஐந்தை அமுக்கப் போன விரல் ஒன்பதை அமுக்குகிறது.

மைனஸ் 30336. பத்து. 24320, இப்போது மைனஸ் இல்லை, ஆனால் ஒன்பதைவிடப் பத்துப் பெருசுதானே, பத்துப் பேர் உட்கார எட்டுப் பேரைவிடக் குறைந்த வழியா. பதினொன்று. 5376. பன்னிரண்டு. மறுபடி மைனஸ். பயந்திருக்கவேண்டும், பயம் எங்கோ இருக்கிறது, பக்கத்து அறையில் ஓடும் ஃபேன் சத்தம்போல, ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. எண்கள் இங்குமங்கும் தாவுகின்றன, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே எண்தான், எட்டுக்கு எத்தனை தரம் கேட்டாலும் அதே மைனஸ் 25216, பொய் சொல்கிறவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள், மாற்றி மாற்றிச் சொல்வார்கள். இது எதையோ கடைப்பிடிக்கிறது. பதினாறு. மைனஸ் 32768. இதை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன். பார்க்கவில்லை, சொல்லியிருக்கிறேன், வாயால், குளியலறை வரிசையில் வாளியோடு நின்றுகொண்டு, வைவா கேள்விகள் என்று மேடம் கொடுத்த பட்டியலில், ப்ரோகிராமில் இண்ட் என்று, அதாவது முழு எண் என்று, அறிவித்த எண் எதிலிருந்து எதுவரை போகும், மைனஸ் 32768 முதல் 32767 வரை, பாட்டுபோல இழுத்து இழுத்துச் சொல்லி மனப்பாடம் செய்தேன். யாருடைய போன் நம்பரோ மாதிரி அது எனக்குள் கிடந்தது. இப்போது அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன். பதினேழு. மறுபடியும் மைனஸ் 32768. பதினெட்டு.

0.

பத்தொன்பது, 0. இருபது, 0. இனி எதைக் கொடுத்தாலும் பூஜ்யம்தான் என்று கொடுக்காமலே தெரிகிறது, பூஜ்யத்தை எதால் பெருக்கி என்ன. பதினெட்டுப் பேர் உட்கார ஒரு வழியும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றைப் பூஜ்யத்தைப் பார்க்கிறேன், விடை வரும் கறுப்புத் திரையில் அது சின்னதாக, சாதுவாக இருக்கிறது. சத்தமில்லாமல் எவ்வளவு பெருக்கி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எட்டுக்குத் திரும்பிப் போகிறேன். வரவேண்டியது 40320. எல்லை 32767. அதற்குமேல் அதற்கு இடமில்லை. இடமில்லாவிட்டால் நின்றிருக்கலாம், முடியாது என்று சொல்லியிருக்கலாம், அது நிற்கவில்லை, நான் பெருக்கு என்று சொன்னேன், அது பெருக்கியது. எல்லையைத் தாண்டி எங்கே போனது. உள்ளங்கையில் 40320க்குக் கீழே 25216ஐ எழுதிக் கூட்டுகிறேன். 65536. இது என்ன எண் என்று தெரியவில்லை, 32768ஐ இரண்டால் பெருக்குகிறேன். 65536. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குப் பிரகாரம் சுற்றுகிறவர்கள் நூற்றெட்டுச் சுற்று என்று வேண்டிக்கொண்டு சுற்றுவார்கள், முன்னாலேயே போய்க்கொண்டிருந்த அத்தை கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவாள், சின்ன வயதில் எனக்கு அது புரியாது, நேராகத்தானே போனாள் என்று அழுவேன். இதுவும் நேராகத்தான் போயிருக்கிறது. 32767 வரை போய், அடுத்த அடியில் மைனஸ் 32768இல் கால் வைத்து, அங்கிருந்து மேலே ஏறி ஏறி மைனஸ் 25216க்கு வந்திருக்கிறது. மொத்தச் சுற்று 65536. எண்கள் ஒரு கோடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு, முடிவில்லாமல் போகும் என்று. இங்கே அது வட்டம். யாரோ வளைத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். எண்களைக்கூட ஒரு இடத்துக்குள் வைக்கவேண்டுமானால் அதற்கு ஒரு சுவர் வேண்டியிருக்கிறது, சுவருக்கு வெளியே அவை இல்லை, சுவருக்கு உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நான் இவ்வளவு நாளும் ஐந்து என்ற இடத்தில், வாசலுக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"கையில என்ன?"

கிராம்பு வாசனை. எப்போது வந்தார் தெரியவில்லை. பின்னால் மேடம், என் விடைத்தாளோடு. எழுந்து நின்று கையை மூடிக்கொள்கிறேன், அதுதான் தப்பாகப் போயிற்று, மூடியிருக்கக் கூடாது. "திற" என்கிறார். திறக்கிறேன். வியர்வையில் ஊறிய நீல மை, எண்களின்மேல் எண்கள். லேப் முழுவதும் கீபோர்டுச் சத்தம் நின்றுவிட்டது. "பிட்டா?" இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். அரியர்கூட இல்லை, இது அதற்கும் மேலே, பிட் அடித்து மாட்டியவர்களை மொத்தப் பரீட்சையும் எழுதவிடமாட்டார்கள், அப்பாவுக்குப் போன் போகும், அப்பா பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். "சார், நல்ல பொண்ணு சார்" என்கிறார் மேடம். "நல்ல பொண்ணு கையில ஏன் மேடம் எழுதுது?" "கணக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கையில கணக்குப் போடுறியா?" யாரோ சிரிக்கிறார்கள். "ஆமா சார்." "எதுக்கு?" பதில் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. ப்ரோகிராமை ஓட்டுகிறேன். ஐந்து கொடு, ஐந்து கொடு என்று மேடத்தின் கண் சொல்கிறது, பக்கத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்ட ஜெர்லின் இன்னும் எழுந்து போகவில்லை. எட்டைக் கொடுக்கிறேன்.

அவர் திரையைப் பார்க்கிறார். என் கையைப் பார்க்கிறார். "கையில எவ்வளவு?" "நாப்பதாயிரத்து முன்னூத்து இருபது சார்." "எது சரி?" "கை சார்." "அப்ப மெஷின் தப்பு." "இல்ல சார்." "ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?" இது கேள்வியா கேலியா. மனப்பாடத்தில் இதற்கு ஒன்றும் இல்லை, பட்டியலில் இப்படிக் கேள்வி இல்லை. வாயைத் திறந்தால் தமிழ்தான் வருகிறது. "இடம் பத்தல சார். இண்ட் 32767ஓட முடியுது. அதுக்கு மேல போனா அந்தப் பக்கமா வருது." "எந்தப் பக்கமா?" "பின்பக்கமா சார், மைனஸ் பக்கமா. கோயில் பிரகாரத்துல சுத்தி வாறாப்ல." மென்றுகொண்டிருந்த அவர் தாடை நின்றது. "சுத்து எவ்வளவு?" "65536 சார்." சொல்லிவிட்டு உள்ளங்கையில் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், டாக்டர் பார்ப்பதுபோல. "இது யாரு சொல்லிக்குடுத்தா?" மேடம் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுலேர்ந்து எதுவரைன்னு மேடம் சொல்லிக்குடுத்தாங்க சார்." "மிச்சம்?" மிச்சத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள், பதினெட்டு சொன்னது, பதினாறு சொன்னது. நான் திரையைக் காட்டினேன். "சரி. இதே எட்டுக்கு 40320 வரவை." "தெரியாது சார்." பரீட்சையில் இந்தச் சொல்லைச் சொன்னால் உலகம் இடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். "இண்ட் எடுத்துட்டு லாங் போடு, இடம் பெருசாகும். பிரிண்ட்எஃப்ல டி-க்கு முன்னாடி ஒரு எல் சேரு." சேர்த்தேன். ஓட்டினேன். எட்டு. 40320. உள்ளங்கையும் திரையும் ஒன்றாயின. எக்ஸ்டர்னல் மேடத்திடமிருந்து விடைத்தாளை வாங்கிச் சிவப்பு மையில் எழுதினார், எவ்வளவு என்று தெரியவில்லை, கை மறைத்தது. "அவுட்புட் எழுது. அஞ்சே எழுது, ரெக்கார்டுல அப்படித்தான இருக்கு" என்றார். நகர்ந்தவர் திரும்பினார். "கையக் கழுவிட்டு வெளிய போ. வேற யாரும் பாத்தா எங்கிட்ட பேசினாப்ல பேசமாட்டாங்க." மேடம் குனிந்து தாளை என் முன்னால் வைத்தார். "பாஸ்தான். உக்காந்து எழுது."

இன்புட் ஐந்து, அவுட்புட் 120 என்று எழுதினேன். எழுத எழுத என்னவோ இன்னொருவர் வீட்டு முகவரியை எழுதுவதுபோல இருந்தது. கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான், லேப் அசிஸ்டென்ட் தங்கதுரை அண்ணன் "முடிச்ச ஆளு எந்திரிங்க, அடுத்த பேட்ச் நிக்கி" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார். அவர் என் மெஷினுக்கு வருவதற்குள் ஒன்பது, 362880. பத்து, பதினொன்று, எண்கள் நீண்டுகொண்டே போகின்றன, மைனஸ் இல்லை. பன்னிரண்டு, 479001600. பதின்மூன்று, 1932053504. "ஏம்மா, ஒனக்கும் தனியாச் சொல்லணுமா" என்று தங்கதுரை அண்ணன் கெட்ச்சில் காத்திருந்த திரையை என் தோளுக்குமேல் கையை நீட்டி மூடிவிட்டார். கடைசி இரண்டு எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுந்தேன்.

வெளியே வெயில் முகத்தில் அடித்தது. ஜெர்லின் எனக்கு முன்பே வந்து என் செருப்பையும் தன் செருப்பையும் தேடி எடுத்து வைத்திருந்தாள். "ஏட்டி, நாங் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். மாதாவே இந்தக் கிறுக்கியக் காப்பாத்துன்னு. அந்தாளு கையத் திறக்கச் சொன்னதும் எனக்கு ஒண்ணுக்கே வந்திட்டு." "ஜெர்லி, 479001600ஐப் பதின்மூணால பெருக்கினா எவ்வளவு?" "போட்டி கிறுக்கி." "இல்லட்டி, மறந்திரும். பேப்பர் இருக்கா?" "எதுக்கு, அதான் பாஸாயாச்சே." நோட்டீஸ் போர்டின் கண்ணாடிமேல் கரிசல் தூசி கனமாகப் படிந்திருந்தது, உள்ளே பரீட்சை அட்டவணை மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் விரலால் எண்ணை எழுதினேன். மூன்றால் பெருக்கும்போது ஒரு இடத்தில் தடுமாறினேன். ஜெர்லின் ஒரு கால் செருப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நகரு. ஒனக்குப் பெருக்கவும் தெரியாது, சிவில்ல எவன் பாலம் இடியப்போவுதோ" என்று என் எண்ணை அழித்துவிட்டு அவள் விரலால் கீழே கீழே எழுதிக்கொண்டு போனாள். மீன் ஏலத்தில் கணக்குச் சொல்கிற அவள் அம்மாவின் வேகம். "அறநூத்து இருபத்திரண்டு கோடியே எழுவது லட்சத்து இருபதாயிரத்து எண்ணூறு." நான் மனப்பாடமாக வைத்திருந்த 1932053504ஐ அதன் அடியில் எழுதினேன். "இது என்னது?" "மெஷின் சொன்னது." "மறுபடியும் தப்பாச் சொல்லுதா? அந்தாளு சரி பண்ணிக் குடுத்தாரே." "தப்பு இல்ல. இது வெளிப் பிரகாரம்." அவள் என்னை ஒருதரம் பார்த்தாள், கிண்டலாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். கோவில்பட்டி பஸ் கேட்டில் வந்து நின்று ஹாரன் அடித்தது, முடித்தவர்கள் எல்லாரும் அதை நோக்கி ஓடினார்கள். ஜெர்லின் கண்ணாடியில் இரண்டு எண்களையும் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல் நுனியிலிருந்த தூசியைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"பதினாலு என்னட்டி வரும்?" என்றாள்.